நடுவில் நிற்கிற நாட்டின் சம்மதம்

அதிகாரி: …அப்படி இல்லீங்க. உங்க கோப்பு இங்கதான் எங்கேயோ இருக்கு. உக்காருங்க, தேடிப் பாக்குறேன்.

பட்டறைக்காரி: பதினாலு மாசமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உக்காந்துதான் இருக்கேன். இந்த நாற்காலியோட கால் ஆட ஆரம்பிச்சதே என்னாலதான்.

அதிகாரி: அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஆடுச்சு.

பட்டறைக்காரி: பாருங்க, நாற்காலிக்கு வக்காலத்து வாங்குறீங்க. என் மூட்டைங்களுக்கு ஒரு நாளாவது வாங்கினீங்களா?

அதிகாரி: வாங்காமலா கப்பல் நடுவுல நிக்கிற அந்த நாட்டுக்கு ஒன்பது கடிதம் போட்டேன்?

பட்டறைக்காரி: போட்டீங்க, போட்டீங்க. ‘மதிப்பிற்குரிய ஐயா’ல ஆரம்பிச்சு ‘தங்கள் பணிவுள்ள’ல முடிச்சீங்க. நடுவுல விஷயம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது.

அதிகாரி: நடுவுல உங்க விஷயம் மட்டும்தான் இருந்துச்சு.

பட்டறைக்காரி: …என்ன சொன்னீங்க?

அதிகாரி: பச்சைத் தகடைச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் பிரிச்சு நீங்க எடுத்து வெச்சீங்களே, அதை.

பட்டறைக்காரி: ம்… சரி, தேடுங்க. மேல் தட்டுல பாத்தீங்களா?

அதிகாரி: பாத்தாச்சு.

பட்டறைக்காரி: கீழ்த் தட்டுல?

அதிகாரி: அதைத்தான்… மெதுவாப் பாத்துக்கிட்டிருக்கேன்.

பட்டறைக்காரி: அவசரமில்ல. மெதுவாவே பாருங்க.

அதிகாரி: அடேயப்பா. அவசரமில்லைன்னு உங்க வாயால கேக்குறது இதுதான் முதல் தடவை. முதல் நாள் வந்து இந்த மேசையைத் தட்டுனது ஞாபகம் இருக்கா? மேல இருந்த கண்ணாடியில கீறலே விழுந்துடுச்சு.

பட்டறைக்காரி: தட்டாம? தகடை உருக்கிச் செம்பும் தங்கமும் பிரிக்கிற ஆலை இருக்கறது கடல் தாண்டி. நம்ம நாடு சரின்னு சொல்லணுமாம், அது நியாயம். வாங்குற நாடு சரின்னு சொல்லணுமாம், அதுவும் நியாயம். கப்பல் நடுவுல அரை நாள் நின்னு தண்ணி ரொப்புற நாடும் எழுத்துல சம்மதம் கொடுக்கணும்னீங்க பாருங்க… பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் சரின்னு சொன்ன பிறகு, வழியில பஸ் நிக்கிற ஊர்ல டீக்கடைக்காரர்கிட்டயும் கேக்கணுமா?

அதிகாரி: டீக்கடை வாசல்ல யாராவது குப்பையை இறக்கிட்டுப் போயிட்டா? எத்தனை துறைமுகத்துல அப்படி நடந்திருக்கு தெரியுமா? அதனாலதான் கேக்கச் சொல்றாங்க.

பட்டறைக்காரி: குப்பைன்னு சொல்லாதீங்க.

அதிகாரி: ஐயோ, அந்த வார்த்தை… படிவத்துல ‘கழிவின் பெயர்’னு ஒரு கட்டம் இருந்தா, அதுல பேரை எழுதணும். நீங்க என்ன எழுதுனீங்க?

பட்டறைக்காரி: ‘என் பட்டறையில் கழிவே கிடையாது’ன்னு.

அதிகாரி: மூணு தடவை திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் அதையே எழுதுனீங்க. மூணாவது தடவை அடிக்கோடு வேற.

பட்டறைக்காரி: ஒன்பது பொண்ணுங்க கையுறை போட்டு, முகமூடி போட்டு, ஒவ்வொரு திருகாக் கழட்டுறாங்க. அதைக் கழிவுன்னு எழுத எனக்குக் கை வரல. கடைசியில நீங்கதான்…

அதிகாரி: ‘கழிவு என்று சட்டம் அழைக்கும் பொருள்’னு எழுதச் சொன்னேன்.

பட்டறைக்காரி: அன்னிக்குத்தான் நினைச்சேன், இந்த மனுஷனுக்குள்ளயும் ஏதோ இருக்குன்னு.

அதிகாரி: …தூசியாத்தான் இருக்கும். இந்த பீரோவுல நிறைய இருக்கு.

பட்டறைக்காரி: பேச்சை மாத்துறதுல உங்களை அடிச்சிக்க ஆளே இல்ல.

அதிகாரி: அந்த ஆசிட்காரர் இப்பவும் வர்றாரா?

பட்டறைக்காரி: தினமும் வந்துக்கிட்டிருந்தார். ‘எதுக்கும்மா கப்பலும் காகிதமும்? மூட்டையைக் கொடு, கொல்லையில நாலு பீப்பாயில முக்குனா ஒரே வாரத்துல தங்கத்தை எடுத்துடலாம்’னு. முக்கின தண்ணி எங்க போகும்னு கேட்டேன். சாக்கடைக்குன்னார். சாக்கடை எங்க போகும்னு கேட்டதுக்கு, ‘அது சாக்கடையோட கவலை’ங்கிறார்.

அதிகாரி: கொடுத்திருந்தா உங்க கஷ்டம் அன்னிக்கே தீந்திருக்கும்.

பட்டறைக்காரி: கொடுத்திருந்தா உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?

அதிகாரி: …

பட்டறைக்காரி: என்ன, பேச்சைக் காணோம்? மௌனம் சம்மதம்னு எடுத்துக்கவா?

அதிகாரி: நாலாம் மாசமே சொன்னேனே. அந்த நாடு பதில் போடல, மௌனம் சம்மதம்னு மூட்டையை ஏத்திடறேன்னு கிளம்புனீங்க. எங்க சட்டத்துல மௌனம்னா மௌனம்தான். எழுத்துல வரணும்.

பட்டறைக்காரி: சட்டத்துக்கு மட்டும்தானா அது?

அதிகாரி: …பட்டறையில இப்போ இடம் இருக்கா? மூட்டையெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி, பொண்ணுங்க மாடிப்படியில உக்காந்து வேலை பாக்குறாங்கன்னு சொன்னீங்களே.

பட்டறைக்காரி: இடத்துக்கு என்ன? நடக்கலாம், ஓடலாம், ஊஞ்சல் கட்டி ஆடலாம்.

அதிகாரி: கிண்டலைப் பாரு.

பட்டறைக்காரி: சரி, நான் நேராவே கேக்குறேன். அந்த நாட்டுலேருந்து கடிதம் வந்துச்சா?

அதிகாரி: வந்திருந்தா… வரவேண்டிய இடத்துக்கு வந்திருக்கும்.

பட்டறைக்காரி: இது ஒரு பதிலா?

அதிகாரி: அரசாங்கப் பதில்.

பட்டறைக்காரி: கோப்பறை அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டா, கோப்பு எங்க இருக்குன்னு ஒரே நிமிஷத்துல…

அதிகாரி: வேண்டாம், வேண்டாம். அவங்களுக்கு ஆயிரம் வேலை.

பட்டறைக்காரி: ஆமா. எதுக்குத் தொந்தரவு.

அதிகாரி: ஒண்ணு கேக்கணும்… சம்மதம் வந்து மூட்டை போயிடுச்சுன்னா, அப்புறம் செவ்வாய்க்கிழமை எங்க போவீங்க?

பட்டறைக்காரி: எங்க போவேன்? பட்டறை, வீடு, அம்மாவுக்கு மாத்திரை. நீங்க?

அதிகாரி: இதே மேசைதான். ஆடுற நாற்காலியில வேற யாராவது வந்து உக்காருவாங்க.

பட்டறைக்காரி: அவங்களையும் இப்படித்தான் சிரிக்காம கிண்டல் பண்ணுவீங்களா?

அதிகாரி: அது வராதுங்க. உங்ககிட்ட மட்டும்தான்… இந்தத் தட்டு வேற இறுகிக்கிச்சு.

பட்டறைக்காரி: மூணாம் மாசம் ஒரு ரேடியோ கொண்டுவந்தேன். குப்பையிலேருந்து எடுத்து நானே சரி பண்ணினது. ரசீது போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டீங்க.

அதிகாரி: குப்பைன்னு சொல்லக் கூடாதுன்னீங்க.

பட்டறைக்காரி: நான் சொல்லலாம். ஏன் திருப்பிக் கொடுத்தீங்க?

அதிகாரி: கோப்பு திறந்திருக்கும்போது மனு கொடுத்தவங்க கையால ஒரு வாய் தண்ணிகூட நான் வாங்கிக் குடிக்கக் கூடாது. அன்னிக்கு உங்க முகம் சுருங்குனதைப் பாத்து ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. ஆனாலும் வாங்கக் கூடாது.

பட்டறைக்காரி: கோவமா வீட்டுக்குப் போனேன். ஆனா போகப் போக, இந்த ஆளை நம்பலாம்னு தோணிச்சு.

கோப்பறை அக்கா: என்ன சார், பீரோவையே கவுத்து வெச்சிருக்கீங்க?

அதிகாரி: ஒண்ணுமில்லக்கா… நீங்க போங்க.

கோப்பறை அக்கா: எந்தக் கோப்பு வேணும்னு சொல்லுங்களேன்.

பட்டறைக்காரி: அவசரமில்லக்கா. அவரே தேடட்டும்.

கோப்பறை அக்கா: உன் பச்சைத் தகடு கோப்பா? அதான் போன புதன்கிழமையே மூடியாச்சே. அந்த நாட்டுக் கடிதம் வந்த ஒரு மணி நேரத்துல சார் உத்தரவு போட்டு, உனக்கு அனுப்பிட்டு, என்கிட்ட கொடுத்தார். நான்தான் நூல் போட்டுக் கட்டி உள்ள வெச்சேன். மறந்துட்டீங்களா சார்?

அதிகாரி: …மறக்கல.

கோப்பறை அக்கா: அப்போ உனக்குத்தான் உத்தரவு கிடைக்கலையாம்மா?

பட்டறைக்காரி: அன்னிக்கே கிடைச்சுதுக்கா. சனிக்கிழமை மூட்டை எல்லாம் கப்பல் ஏறிடுச்சு. பட்டறைப் பொண்ணுங்களோட கரையில நின்னு கை காட்டிட்டு வந்தேன்.

கோப்பறை அக்கா: என்ன கூத்து இது? மூடின கோப்பை அரைமணியா ஒருத்தர் தேடுறார், முடிஞ்ச வேலைக்கு ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. ரெண்டு தனிக்கட்டையும் சேந்து இங்க என்னதான் பண்றீங்க?

அதிகாரி: அக்கா, நான் சொல்றேன். கோப்பு திறந்திருந்த வரைக்கும் நான் எதுவும்… அதாவது, விதிப்படி பாத்தா…

பட்டறைக்காரி: நீங்க இருங்க, நான் சொல்லிடறேன். நீங்க ஆரம்பிச்சா இன்னும் பதினாலு மாசம் ஆகும். மூணு நாட்டுச் சம்மதத்தை வாங்கிக் கொடுத்த மனுஷன்கிட்ட, அவரோட சம்மதத்தைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்க்கா.