தஞ்சோங் லாலாங்கில் நான் பிடுங்கி நட்ட சிவப்புக் கொடி

பெயர்: அர்ஜுனன் த/பெ சன்னாசி
வயது: 57
தொழில்: விருந்துகளுக்குக் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுதல்
முகவரி: புக்கிட் பெலிம்பிங், கோல சிலாங்கூர்
நாள், நேரம்: 9.1.2025, காலை மணி 10.20
பதிவு செய்தவர்: சார்ஜன் சிவானந்தம். தமிழில் சொல்லித் தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். என் தங்கை மோகனாவின் கணவர் கணேஸ்வரன், வயது 51, கடலில் மூழ்கி இறந்தது பற்றி 24.12.2024 அன்று பகாங் போலீஸில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், என் வாடகை வீட்டுக்கு முன்னால் எச்சரிக்கைக் கொடி இல்லை, தள்ளி வேறு இடத்தில் இருந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் கொடி எப்படி அங்கே போனது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல யாரும் கூப்பிடாமல் இன்று நானே வந்திருக்கிறேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டித் தோட்டம் தோட்டமாக விற்றேன். பதினோரு வருடம் அப்படி விற்ற பிறகு அசாம் ஜாவாவில் கூடாரத் தொழில் தொடங்கினேன். எங்கள் பக்கத்துக் கடல் சேற்றுக் கடல். தண்ணீர் தட்டையாக இருந்தால் படகு போகும், அலை எழும்பினால் போகாது. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

2019-ஆம் ஆண்டு ஓர் அலைச்சறுக்குப் போட்டிக்குக் கூடாரம் அடிக்க, பகாங் கடற்கரையில் உள்ள தஞ்சோங் லாலாங் என்ற கம்பத்து ஊருக்கு லோரியில் போனேன். முன்பெல்லாம் மழைக்காலத்தில் கடையைச் சாத்திவிடும் ஊர், இப்போது மழைக்காலத்தில்தான் நிரம்புகிறது என்று அங்கே சொன்னார்கள். பெரிய அலை அப்போதுதான் வருமாம். கோலாலம்பூர் ஆட்கள் மடிக்கணினியோடு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் அலைச்சறுக்குப் பலகை சாய்த்து வைத்திருந்தது. ஒரு கோப்பிக்குப் பன்னிரண்டு வெள்ளி வாங்கினார்கள். அதன் பிறகு நான் அங்கே கடலைப் பார்த்த ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து, நான்கு அறையாகத் தடுத்து, விடுமுறைக்கு வருபவர்களைத் தங்க வைக்கத் தொடங்கினேன். நம் ஆட்களுக்குத்தான் அதிகம் கொடுத்தேன். புஞ்சாக் ஆலாம், ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள் வேன் பிடித்து வந்தார்கள்.

அங்கே பலகை சொல்லிக் கொடுப்பவர் திலீப், வயது 34. அவரும் ரவாங்கில் இருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். தினமும் காலையில் கடலைப் பார்த்துவிட்டு, குளிக்கக் கூடாத இடத்தில் மூங்கில் கம்பில் சிவப்புக் கொடி நடுவது அவர் வேலை. சென்ற டிசம்பரில் அந்தக் கொடி பல நாள் என் வீட்டுக்கு நேர் முன்னால் நின்றது. ஒரு குடும்பம் கொடியைப் பார்த்துவிட்டுப் பையை இறக்காமலே வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு நான் திலீப்பிடம் கேட்டேன். என் வீட்டு முன்னால் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும்தான் அலை ஆள் உயரத்துக்கு உடைந்தது. "என்ன தம்பி, அலை அடிக்கிற எடத்துல பலகை ஓட்டுறீங்க, சும்மா கெடக்குற தண்ணிக்குக் கொடி வெக்கிறீங்க?" என்றேன். அவர், "அங்கிள், சும்மா கெடக்குற தண்ணிதான் அங்கிள்..." என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. "நான் கடல்ல மீன் வாங்குனப்ப நீ பொறக்கவே இல்ல லா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

22.12.2024 அன்று மோகனாவும் கணேஸ்வரனும் வந்தார்கள். கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் தனியாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. நான்தான் வற்புறுத்தி வரச் சொன்னேன். கணேஸ்வரன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் புதிதாகக் குளிக்கிற கால்சட்டை வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்து, "மச்சான், எப்படி? ஆஸ்திரேலியாக்காரன் மாதிரி இல்ல?" என்று கேட்டார். மோகனா, "தொப்பைய உள்ள இழுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். அன்று மாலை திலீப் அந்தப் பக்கம் வந்தபோது, மறுநாள் மத்தியானம் நுரைத் தண்ணீரில் பலகை மேல் நிற்கச் சொல்லிக் கொடுப்பதாகக் கணேஸ்வரனிடம் ஒப்புக்கொண்டார்.

23.12.2024 திங்கட்கிழமை காலை சுமார் 9.30 மணிக்கு நான் சந்தையில் இருந்து மீன் வாங்கி வந்தேன். கொடி என் வீட்டுக்கு முன்னால் நடப்பட்டிருந்தது. திலீப் மாணவர்களோடு தூரத்தில் அலைக்குள் இருந்தார். கடற்கரையில் என்னைப் பார்க்க யாரும் இல்லை. நான் மீன் பையைப் படியில் வைத்துவிட்டுக் கொடியைப் பிடுங்கினேன். வடக்குப் பக்கம் அறுபது தப்படி நடந்து, அலை பெரிதாக உடைந்த இடத்துக்கு நேராக அதை நட்டேன். காலால் மணலை மிதித்து இறுக்கினேன். கொடி ஆள் வருவதைக் கெடுக்கிறது என்ற எண்ணமும் இருந்தது, அலை இருக்கும் இடத்தில் நிற்பதுதான் சரி என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் இருந்தன. எது முந்தியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அதன் பிறகு சுமார் 10.45 மணிக்குக் கணேஸ்வரன் கடலுக்கு வந்தார். நான் படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க எறங்கலாமா மச்சான்?" என்று கேட்டார். நான், "கொடி அங்க இருக்குல்ல மாப்ள? இது நம்ம வீட்டுத் தண்ணி, பயப்படாம எறங்குங்க" என்றேன். அவர் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய் நின்று மோகனாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் கைப்பேசியில் படம் எடுத்தாள். இரண்டாவது படம் எடுப்பதற்குள் அவர் தூரத்தில் இருந்தார். அலை எதுவும் அடிக்கவில்லை. தண்ணீர் அப்படியே அவரைக் கடலுக்குள் கொண்டுபோனது. அவர் கரையைப் பார்த்துத்தான் நீந்தினார், ஆனால் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

நான் கத்தினேன். திலீப் பலகையில் படுத்துக் கையால் துழாவிப் போனார். கணேஸ்வரனைக் கண்டுபிடித்துப் பலகையில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. மணலில் போட்டு, அம்புலன்ஸ் வரும் வரை திலீப் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். திலீப்பின் முழங்கால் இரண்டும் மணலில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. மருத்துவமனையில் டாக்டர் உயிர் இல்லை என்றார்.

அதன் பிறகு ஊர்க்காரர்கள் வந்து சொன்னதில்தான், கரையேறிய அலைத் தண்ணீரெல்லாம் அலை உடையாத அந்தத் தட்டையான வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று தெரிந்துகொண்டேன். கொடியைத் தப்பான இடத்தில் நட்டது திலீப்தான் என்று அங்கேயே பேச்சு ஆகிவிட்டது. மருத்துவமனை வாசலில் மோகனா அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் கையில் மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் அந்தக் கால்சட்டை, உள்பக்கம் விலைச் சீட்டு பிய்க்காமலே இருந்தது. ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

7.1.2025 அன்று ரவாங்கில் மோகனா வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. கூடாரம் என்னுடையது. மத்தியானம் திலீப் பஸ் ஏறி வந்து, உள்ளே வராமல் கூடாரத்துக்கு வெளியே நின்றார். விசாரணை முடியும் வரை அவர் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் போய், "சாப்பிட வாப்பா" என்றேன். அவர், "வேணாம் அங்கிள். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலையில உங்க வீட்டு முன்னாலதான் கொடி நட்டேன்னு எனக்கு ஞாபகம். நீங்க பாத்தீங்களா? எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு. நாந்தான் மாத்தி நட்டுட்டேனா அங்கிள்?" என்று கேட்டார். நான், "கவனிக்கலப்பா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மோகனாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

என் முதல் வாக்குமூலத்தில் பாதியை விட்டுவிட்டேன், அதற்குப் பயம் காரணம். கூடாரத்து வாசலில் நான் சொன்னது முழுப் பொய். நடந்தது அப்போது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் சரியாகச் செய்த ஒரு வேலையைத் தான் செய்யவில்லை என்று தானே நம்பத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு நேற்று, 8.1.2025 மாலை, நான் மோகனா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கணேஸ்வரனின் தொழிற்சாலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றுதான் கேட்டாள். "அந்தத் தம்பிய எதுக்குண்ணே என்னைய அறைய விட்ட?" அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

திலீப் கொடியைச் சரியான இடத்தில் நட்டிருந்தார். அதைக் கேட்காமல் நகர்த்தியவன் நான். இதற்கு என்ன நடவடிக்கை என்றாலும் எனக்குச் சம்மதம். இந்த விவரத்தைத் திலீப்புக்கு முதலில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதை யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுதியதைச் சார்ஜன் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் செய்யச் சொன்னேன். இரக்கப்பட்டோ என்னவோ, நான் கொடியைத் 'தெரியாமல்' நகர்த்தியதாக அவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'கேட்காமல்' என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நடந்தபடியே.

(ஒப்பம்)
அர்ஜுனன் த/பெ சன்னாசி

என் முன்னிலையில்,
சார்ஜன் சிவானந்தம்