குளக்கரையில் தறிச்சத்தம்

"ஏனுங்க, இங்க தறி ஓடலீங்க. மெதுவாப் பேசுங்க."

சிங்காநல்லூர் குளத்தில் பறவை பார்த்துவிட்டுச் சோமனூர் பஸ் ஏறிய அம்மா ஒருவர், தறிச்சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய வீட்டுக்காரரிடம் சொன்னது. எனக்கு முன்சீட்டில் இருவரும்.

"அதா பாரு நாரைன்னுதான சொன்னேன் அம்மணி? பூராவும் பறந்துபோச்சு. கோவமா?"

"கோவமென்னுங்க? உக்காந்திருந்தப்ப சாம்பக் குமியாட்டந்தான் தெரிஞ்சுது. நீங்க கத்துனப்பறந்தான் றெக்கையில இருந்த ரோசு நெறத்தையே பாத்தேன்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரலாமா?"

டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"வரலாங்க. கத்தறதுக்கு முன்னால எனக்கு மட்டும் சொல்லிப்போடுங்க."

அதே குளத்தில் காலையிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு, பைனாகுலரில் ஒரு வெள்ளைப் பாலித்தீன் பையைக் கொக்கென்று பார்த்துக்கொண்டிருந்த நான், அடுத்த ஞாயிறு இவர்கள் பக்கத்திலேயே நிற்பதென்று முடிவு செய்தேன்.