இடிக்கு நடுவே கிளாவரை இணைப்பைக் கொடுத்த திரு. குழந்தைவேல் அவர்களுக்கு

கொடைமலைக் குளிரில் கம்பி கட்டிக் குரல் வளர்த்த கோமானே! மின்னலுக்கு வேலியிட்ட மேலவரே! பழனிமலைப் பள்ளமெங்கும் பேச்சைப் பாய்ச்சிய பெருமகனே! எங்கள் தொலைபேசி நிலையத்தின் மூத்த டெக்னீசியன் திரு. குழந்தைவேல் அவர்களே! வணக்கம்.

வழக்கப்படி இந்த மடலை மைக்கில் வாசிக்கிறோம். உங்கள் காதில் ஒரு சொல்லும் விழாது என்பது மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அதனால் பெரிய எழுத்தில் ஒரு நகல் எழுதி உங்கள் மடியில் வைத்திருக்கிறோம்; பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர் ஞானம்மா வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டுவார். மலைக்கெல்லாம் பேச்சுக் கேட்க வைத்த மனிதருக்கு இப்படியொரு பிரிவு விழாவா! ஓய்வு வயது வரும் முன்பே அனுப்புகிறோம். வாழ்த்தத்தான் கூடியிருக்கிறோம், வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

கடமையே கண்ணானவரே! எழுபதுகளின் தொடக்கத்தில் தகரப்பெட்டியும் குரங்குக் குல்லாவுமாக இங்கே வந்து சேர்ந்தீர்கள். வந்த அன்றே சுவரில் கன்னத்தை ஒட்டி ஈரம் பார்த்தீர்கள். "சுவரைக் கொஞ்சுறாரு பாரு" என்று சிரித்தோம். மூடுபனி ஜன்னல் வழியே வந்து உட்காரும் ஊர் இது. ஈரச் சுவரில் மாட்டிய தொலைபேசிப் போர்டு ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பாசி பிடித்துப்போகும். அதற்குப் பிறகு உங்கள் கன்னத்தைக் கேட்காமல் நாங்கள் ஓர் ஆணியும் அடிக்கவில்லை.

செய்வன திருந்தச் செய்த செம்மலே! எஸ்டேட் பங்களாவிலும் மிஷன் பள்ளியிலும் கடைவீதியிலும் நீங்கள் பூட்டிய, இணைப்பு மாற்றித் தரும் சிறு சுவிட்ச்போர்டுகள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுவீர்கள். யாராவது கால் தடுக்கினாலும் முனையில் இழுப்பு விழாதபடி ஒயரில் ஒரு தொங்கல் விடுவீர்கள். "மொதல்ல எர்த்து, அப்புறம் லைன், கடைசியாத்தான் பேட்டரி. இதை மாத்தினவன் என் மொகத்துல முழிக்கக் கூடாது" என்று வேலைக்கு வேலை சொல்வீர்கள். சில நாள் உங்கள் முகத்தில் முழிக்காமல் நாங்கள் ஒளிந்து திரிந்ததும் உண்டு!

மலையின் கடைசி ஊரான கிளாவரைக்குப் போர்டு போனது எண்பத்து மூன்று சித்திரையில். பாறை மண் இடியை வாங்காது என்று ஆழக் குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடைத்துத் தண்ணீர் ஊற்றினீர்கள். குழாயிலிருந்து போர்டுக்கு ஓடிய செம்புக் கம்பிதான் இடியை மண்ணுக்குள் அனுப்பும் எர்த்து. வினை அந்த உப்பில் வந்தது. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் மாயாண்டி, தோட்டத்துப் பொலபொல மண்ணில் எந்த முளையும் நிற்காததால், அசையாமல் நின்ற குழாயில் தன் குதிரையைக் கட்டினார். குதிரை உப்பு ருசி கண்டு குழியைப் பறித்து நக்கியது. அது இழுத்த இழுப்பில் கம்பி கழன்றுபோனது.

ஐப்பசியில் போர்டைப் பார்வையிடப் போனபோதுதான் நீங்கள் அதைக் கண்டீர்கள். "சும்மா நிக்கிற கொழாதானேங்க, கட்டினா என்னங்க?" என்றார் மாயாண்டி. தலையில் அடித்துக்கொண்டு, வெறும் குழியில் கம்பியை மாட்டிப் பயனில்லை என்று, கரியும் உப்பும் வாங்கிவர அவரையே அனுப்பினீர்கள். அவர் திரும்புமுன் வானம் இருட்டி இடி இறங்கத் தொடங்கியது. அங்கே போர்டில் இருந்தவர் இதே ஞானம்மா. "ஹெட்செட்டக் கழட்டிட்டு வெளிய போம்மா. எர்த்து இல்ல, ஒருத்தரும் தொடக் கூடாது" என்று நீங்கள் கதவைச் சாத்தப்போன வேளையில், அந்த ஊர் வேலம்மாவின் புருஷன் நனைந்தபடி ஓடி வந்தார். தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கெடக்கு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், கொடைக்கானலிலிருந்து ஜீப் வந்தால்தான் ஆயிற்று.

அஞ்சா நெஞ்சரே! அன்று நீங்கள் அஞ்சினீர்கள் என்று ஞானம்மா சொல்கிறார். அஞ்சியபடியே அவரை வாசலுக்குத் தள்ளிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டீர்கள். இந்த முனையில் இருந்த எங்களுக்குக் கேட்டது இவ்வளவுதான்: "கிளாவரை... பிரசவக் கேசு... ஜீப்ப வெரசா அனுப்புங்க." அதை அடுத்துக் கம்பி வழியே வந்த இடியின் வெடியில் இங்கே இருந்தவர்களே காதைப் பொத்திக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் "ஜீப்பு போச்சா?" என்று கேட்டீர்கள். போயிற்று என்று சொன்னோம். மறுபடியும் கேட்டீர்கள். கத்திச் சொன்னோம். மூன்றாம் தரமும் நீங்கள் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ஞானம்மா அழுதபடி தலையாட்டினார். "தாயி பொழைச்சதா?" அதற்கும் தலையாட்டினார். "புள்ள?" என்றீர்கள். எங்களில் யாருக்கும் தலை அசையவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மாயாண்டியை நாங்கள் ஏசியது உங்களுக்குக் கேட்காவிட்டாலும் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், "கொழா எதுக்குன்னு அவனுக்கு யாருலே சொன்னா?" என்று எங்களைத்தான் அதட்டினீர்கள்.

இடிநேரத்தில் லைனைத் தொட்டது ஏன் என்று மேலிடம் கேட்டதற்கு, "தப்புதான்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினீர்கள். எவ்வளவோ காலம் உங்கள் சொல்லுக்கு மறுசொல் பேசாத நாங்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் ஏற்க மாட்டோம். காது போனவருக்கு இந்த நிலையத்தில் சோலி இல்லை என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். குழி வெட்டவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டுப் பார்த்தும் நடக்கவில்லை. பெரிய அநியாயமாகப் படுகிறது, அய்யா.

பெருந்தகையே! உடம்பு நோகாமல், உறக்கம் கெடாமல், பேரப்பிள்ளைகள் சூழ நீங்கள் நெடுங்காலம் இருக்க வேண்டும். கிளாவரையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு வந்து முன்வரிசையில் வேலம்மா உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வேண்டுதலோடு அவருடையதும் சேர்ந்திருக்கிறது. வாசிப்பு இதோடு முடிகிறது. இனி நாங்கள் கை தட்டுவோம். தாளிலிருந்து கண்ணை எடுத்து, ஒரு தரம் நிமிர்ந்து எங்கள் கைகளைப் பாருங்கள்.

கொடைக்கானல்,
1984 தை

உங்களை அனுப்ப மனமில்லாத
தொலைபேசி நிலைய ஊழியர்கள்