நேராக வராத விமானம்

"பிளேன் எங்க பறக்கோணுமெண்டு நீயோ சொல்லப்போறாய்?" என்று, நான் படிக்கப்போகும் படிப்பைச் சொன்னபோது பெரியப்பா ஒருமுறை சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்.

நேற்று மல்லாவியிலிருந்து வவுனியா போகும் பேருந்தில், முன்னால் இருந்த வயதான அம்மா பக்கத்திலிருந்தவரிடம் கதைத்துக்கொண்டு வந்தார்.

"கனடாவிலயிருந்து மகன் வந்துதான் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கோணும். ரெண்டு இடத்தில பிளேன் மாறி வாறான். அதுவரைக்கும் பிரேதம் தாங்குமோ தெரியேல்லை. நேரா ஒரு பிளேன் விட்டாலென்ன தம்பி?"

"விடமாட்டாங்கள் அம்மா. வருசம் முழுக்க சீற் நிரம்புமோ எண்டுதான் பாப்பாங்கள். எங்கட சனம் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும்தானே வரும்."

"அப்ப வருசம் முழுக்க நாங்கள் சாகோணுமோ?"

பக்கத்திலிருந்தவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வவுனியாவில் இறங்கி, போக்குவரத்து முகாமைத்துவம் படிக்கக் கொழும்புப் பேருந்தில் ஏறினேன்.