பஸ்ரா மாப்பிள்ளைக்கு ஒரு நற்சாட்சி

ஹலோ… ஆ, மெய்யநாதன்தான். சொல்லுங்க சுல்தான் பாய்… ஓ, பொண்ணோட அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரா? நான் சொல்றதை அரபியில சொல்லிடுவீங்கல்ல? சரி சரி… கேக்கச் சொல்லுங்க.

ஜவாத்தா? நாலு வருஷமா நம்ம மாடியிலதான் வாடகைக்கு இருக்கான். தங்கமான பையன்லா… இல்ல இல்ல, குடியெல்லாம் கிடையாது. எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப அவன்தான் காடியில தூக்கிப் போட்டு, அவனே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்…

என்ன? எந்தக் குலமா? அதான் பேர்லயே இருக்கே பாய்… ரத்தமா, ஒட்டின பேரான்னு கேக்கறாரா?

…இருங்க. அவன் என் எதிர்லதான் உக்காந்திருக்கான். தமிழ் தெரியாது, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கான், பாவம். கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க அங்கிள்னு காலையிலயே சொல்லிட்டான்… எனக்குத்தான் வாய் வரமாட்டேங்குது.

ம்… சொல்லிடுங்க பாய். ரத்தம் இல்ல. அவன் முப்பாட்டனை ஆப்பிரிக்காவுல பிடிச்சுக் கப்பல்ல ஏத்தி பஸ்ராவுல வித்துட்டாங்க. வாங்கின வீட்டுக் குலப்பேரு இவங்களுக்கும் வந்துடுச்சு. அதே பள்ளிவாசல், அதே பாஷை… இன்னும் தெருவுல அடிமைன்னுதான் கூப்பிடறாங்களாம்…

ஆ, கேக்குது. அவர் கத்தறது இங்க வரைக்கும் கேக்குது… மனுசன் யாருன்னு கேக்காம குலம் கேக்கறாரே, நியாயமான்னு கேளுங்க!

எம் மவளைக் குடுப்பேனாவா? அவன் மதம் வேற பாய்… என்ன? கோகுலனா? இதை யாரு கேக்கறது, அவரா நீங்களா?… நீங்களா. அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க… ஆமா, பைராம் தோட்டத்துல கூலி வேலைக்கு வந்தவங்க வீட்டுப் பையன். நல்லவன்தான். நம்ம பாஷை, நம்ம சாமி… ஆமா ஆமா, எம் மவ அபிராமியைக் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். எங்க நகரத்தார் வீட்ல முதல் கேள்வியே ஒன்பது குலக்கோயில்ல எந்தக் கோயில்னுதானே? அவன் எதைச் சொல்வான்? கேக்காம பொண்ணைத் தூக்கிக் குடுத்துட முடியுமா?

…பாய்? அங்க என்ன அரபியில பேசறீங்க? ஐயோ, அதைச் சொல்லாதீங்க! அது உங்களுக்குச் சொன்னது… சொல்லிட்டீங்களா?

சிரிக்கறாரா? எதுக்குச் சிரிக்கறார்?… நானும் அவரும் ஒண்ணுன்னா? இல்ல, நான் அப்படி இல்லன்னு சொல்லுங்க… எந்திரிச்சிட்டாரா? நிறுத்துங்க பாய், இன்னும் ஒரு வார்த்தை…

இங்க இவன் வேற, என்ன சொன்னார் அங்கிள்னு கேக்கறான்… நான் என்னன்னு சொல்ல? பாய்… ஹலோ?… ஹலோ?…