இருபது நிமிடச் சோதனை

பழைய கம்ப்யூட்டர் கார்டுகளின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பளபளப்பு வரும், கூடவே முலாமும் போய்விடும். நான் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால்தான் துடைப்பேன். இடுக்குகளுக்குக் குழந்தைகளின் பல் பிரஷ். அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்தால் விடமாட்டார். "ஏன்டா மாப்ள, உன் பல்ல என்னிக்காவது இப்படித் தேய்ச்சிருக்கியா?"

நீங்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர். மூன்று மாதம் முன்பு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கார்டைப் பார்த்தீர்கள். அன்று நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் உடம்பைப் போட்டு உழைத்தவர்கள். அப்பா மூட்டை சுமந்தார், அம்மா செங்கல் சுமந்தாள். என் ஒருவனைத்தான் நிழலில் உட்கார்ந்து செய்கிற தொழிலுக்குப் படிக்க அனுப்பினார்கள். அனுப்பியவர் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. அவர் தகரம் வெட்டும் பட்டறையில் பதினான்கு வருடம் பிரெஸ்ஸில் நின்றவர்.

அந்தப் பிரெஸ்ஸை ஓட்டுவது முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர். பிரெஸ்ஸின் முன்னால் ஓர் ஒளிக்கதிர் ஓடும். பட்டறையில் அதைக் கண் என்பார்கள். கை உள்ளே போனால் கதிர் மறையும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கார்டு அதை உணர்ந்து பிரெஸ்ஸை நிறுத்தும். ஒருநாள் பிரெஸ் ஓடவே மறுத்தது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

பெட்டியைத் திறந்ததும் கார்டை அடையாளம் கண்டுகொண்டேன். அதே கார்டு என் வீட்டில் ஒன்று இருந்தது, செத்துப்போய். அதன் நடுச் சிப் கருகியிருந்தது. பதினோரு வருடமாக அந்தச் சிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பட்டறைக் கார்டில் அது சாக்கெட்டில், யாரும் தொடாமல் உட்கார்ந்திருந்தது.

பட்டறைக் கார்டின் குறை ஒரு பற்றவைப்பு விட்டுப்போனதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன். பிறகு சிப்பைக் கழற்றி என் கார்டில் வைத்தேன். அதற்குப் பதிலாகக் கம்பிக்கால்களின் எண்ணிக்கை ஒத்துப்போகிற வேறொரு சிப்பைப் பட்டறைக் கார்டில் சொருகினேன். இப்படிச் செய்யாத சேகரிப்பாளர் யாருமில்லை. ஆனால் மாற்றுச் சிப் சில சமயம் சூடேறினால் அசந்துவிடும். அதனால் பெட்டியை மூடி, உள்ளே அனல் விட்டு, நாலு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் இருபது நிமிடம் ஓட்டினேன். மேலும் ஓட்டி அது அசந்திருந்தால் சிப்பைத் திருப்பி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மதியம், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பிரெஸ் மாமாவின் வலது கைமேல் இறங்கியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். "கண்ணு மறைஞ்சா நிக்கணும்ல மாப்ள? நிக்கலடா. நீ பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் மாமா இருந்துச்சு."

"அப்போ நான்தான் எங்கயோ அசந்துட்டேன் போல."

நான் மறுக்கவில்லை. வலியில் இருக்கிறவரிடம் விவாதம் செய்வது முறையில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். இந்தக் கார்டைத் தெரிந்தவர் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று என்னிடமே சோதிக்கக் கொடுத்தீர்கள். முந்தின நாளே பட்டறைக்குப் போய், பார்த்து வைக்கிறேன் என்று சொல்லி அசல் சிப்பை அதில் திருப்பி வைத்திருந்தேன். உங்கள் முன்னால் அனல் விட்டு நாலு மணி நேரம் ஓட்டினோம். இரண்டு தரம் காபி குடித்தீர்கள். கார்டு ஒருமுறைகூடத் தவறவில்லை. கார்டில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காயம்பட்டவரின் சொந்த மைத்துனனே சொல்கிறான் என்று நீங்கள் நம்பினீர்கள். வேலை சீக்கிரம் முடிய மாமா, கதிர் மறையவே மறையாதபடி கண்ணின்மேல் மினுங்கும் டேப் ஒட்டியிருப்பார் என்று முடிவானது. அவருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஊரில் அவரை டேப்காரர் என்கிறார்கள். அவரும் சிரிக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் நாலு தரம் நடந்து, அந்த வீட்டுக்கு ஒரு வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். கொடுத்தார். ஐந்து வாரமாக அக்கா அதே பிரெஸ்ஸில் நிற்கிறாள்.

அப்போது பிரெஸ்ஸில் அசல் சிப்தான் இருந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆண்டுக் கண்காட்சியில் என் கார்டை நடு மேஜையில் வைக்கிறார்களாம். ஓடாத கார்டுக்கு நடு மேஜை கிடையாது. இந்தத் திங்கட்கிழமை தூசி தட்டுகிறேன் என்று பட்டறைக்குப் போனேன். பத்து நிமிட வேலை.

வெளியே வரும்போது அக்காவிடம் சொன்னேன். "மத்தியானத்துல மட்டும் கொஞ்சம் பாத்து செய்க்கா."

கையுறையைக் கழற்றாமலே நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டா, மெஷின் நல்லா இருக்குன்னு நீதான எழுதிக் குடுத்த? உன் மாமா மாதிரி நான் டேப்பெல்லாம் ஒட்ட மாட்டேன், போ."

ஆகவே, சிப்பை எடுத்தது நான். மாமாவின் கையை எடுத்தது நான். பழியை அவர் தலையில் கட்டியதும் நான். எதையும் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. இத்தனை நேர்மையாக ஒப்புக்கொள்கிறவர்களை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்று வியாழன், காலை பத்து மணி. கண்காட்சி ஞாயிறு மாலையோடு முடிகிறது. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சிப்பைத் திருப்பி வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். இந்த வாரம் வெயில் அவ்வளவாக இல்லை.