வாரம் அரை டெசிபல்

"உங்க காதுல ஒரு குறையும் இல்லை சார், நான் நாலு தடவை செக் பண்ணி…"

"குறை இருக்கு டாக்டர். என் காது எனக்குத் தெரியாதா? உங்க மெஷின்தான்…"

"மெஷினை விடுங்க. துளிச் சத்தத்துக்குக்கூட கரெக்டா பட்டனை அமுக்கினீங்களே."

"அது குத்துமதிப்பா அமுக்கினது."

இவர் சண்டை போடும்போது பார்க்க நன்றாக இருப்பார். காது கேட்கிறது என்று சொன்னதற்காக டாக்டரோடு மல்லுக்கு நின்ற முதல் ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். நீங்கள் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, "வீட்டுல சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பொருத்துவது இவர் தொழில். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் செய்தவர், போன வருஷம்தான் எங்கள் கூடத்துக்கும் செய்தார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் அதிர்வதற்கென்று ஒரு பெட்டி. தன் நாற்காலியில், தன் காது வருகிற உயரத்துக்கு, சத்தத்தை அளக்கிற மீட்டரை நிறுத்தினார். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக "உஷ்ஷ்" என்று இரைந்தன. எல்லாம் ஒரே அளவு காட்டும்வரை ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து அவரும் என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அப்போ நான் எங்கே உட்கார்றது?"

"எங்கே வேணா உட்காரு. ஆனா சத்தம் சரியா வந்து விழறது இந்த ஒரு நாற்காலிலதான்."

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பின் ஸ்பீக்கர் ஒன்று என் காதை ஒட்டி இருந்தது. படம் முழுக்க எனக்கு மழையும் குதிரையும்தான் கேட்டன. அந்தப் பெண் எதற்காக அழுகிறாள் என்று கேட்டால், "உஷ்."

ஆட்கள் பேசுவதெல்லாம் டிவிக்குக் கீழே இருக்கிற நடு ஸ்பீக்கரில்தான் வருமாம். அவரேதான் சொன்னார். அரை டெசிபல் குறைந்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது என்றும் அவரேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளிக்கப் போகும்போது ரிமோட்டை எடுத்து நடு ஸ்பீக்கரை மட்டும் அரை டெசிபல் குறைப்பேன். வாரத்துக்கு ஒரு தடவைதான். நான் பேராசைப்பட்டதில்லை. கூடவே என் குரலையும் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

எட்டாவது வாரம், படத்தின் நடுவில் என் பக்கம் திரும்பினார்.

"இப்போ அவ என்ன சொன்னா?"

எனக்கும் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மா வீட்டுக்குப் போறாளாம்."

"ஏனாம்?"

"இங்கே அவ பேசறதை யாரு கேக்கறா?"

"பாவம்" என்றார். அடுத்த வாரம் எனக்கும் ஒரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

ரிமோட்டை அழுத்தி, ஸ்பீக்கர் அளவு காட்டுகிற பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும், மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் பார்க்கமாட்டார். ஒரு தடவை மீட்டர் வைத்துச் சரிசெய்ததை மறுபடி தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். காது போனாலும் போகலாம், அவர் வைத்த அளவு தப்பாகாது.

ஒரு சிக்கல்தான் வந்தது. எங்கள் வீட்டுச் சத்தத்துக்குப் பழகிய காதோடு வேலைக்குப் போனார். அங்கெல்லாம் பேச்சு கணீரென்று கேட்டிருக்கிறது. மீட்டர் பிடித்த கூட்டாளியைத் திட்டிவிட்டு, தானே குறைத்து வைத்துவிட்டு வந்தார். மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் கூப்பிட்டு, ஒரு வார்த்தை புரியவில்லை என்றார்கள். தன் காது போய்விட்டது என்று முடிவுகட்டி, மீட்டரைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க வராம ஒரு வீடும் சரியா வரலை" என்று அந்தக் கூட்டாளி இன்னமும் போன் செய்கிறார்.

தொழிலை விடுவார் என்று நான் நினைக்கவில்லை. விட்டதும் நன்றாகத்தான் இருந்தது. காய்காரி சொன்னதைக்கூட இப்போது என்னிடம்தான் கேட்கிறார்.

போன மாதம் ஒருநாள் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரம் மட்டும் கால் டெசிபலாகக் குறைக்கலாம் என்று பார்த்தேன். அந்த ரிமோட்டில் அரைக்குக் கீழே கிடையாது.

இதுதான் நடந்தது. தலைக்கு ஸ்கேன் எடுக்க எழுதிக்கொண்டிருந்த தாளை நீங்கள் கசக்கிவிட்டீர்கள். "அவரை உள்ளே கூப்பிடுங்கம்மா. நாளைக்கே வேலைக்குப் போகலாம்னு சொல்லிடறேன்" என்கிறீர்கள். உங்களுக்குச் சின்ன வயசு, அவசரப்படுகிறீர்கள்.

"தலையில ஏதோ சின்னதா இருக்குன்னு சொல்லிடுங்க டாக்டர், மத்ததை நான் பாத்துக்கறேன்."